நேராப் போட்டேன், நேரா அடிச்சான்

லைல் வோஸ்கில் தன் வாழ்நாளில் உருப்படியாக எழுதியது ஒரே ஒரு வாக்கியம்தான். அதையும் சில ஆயிரம் தடவை எழுதிவிட்டான். ஒரு பேஸ்பால் புகைப்படம் இருக்கிறது. அதில் மட்டையை வீசிவிட்டு இரண்டு கைகளையும் விரித்து நிற்கிறவன் கர்ட் மாலரி. அவனுக்குப் பின்னால், பந்து போடுகிற மேட்டின் மேல், தலையைத் தொங்கப்போட்டு நிற்கிற பிட்சர் லைல். கார்வர் ஃபால்ஸ் ஊரில் அந்தப் படம் மாட்டாத முடிவெட்டும் கடை கிடையாது. யாராவது படத்தை நீட்டினால் கர்ட் படத்தில் தன் நெஞ்சின் மேல் பெயரைக் கிறுக்குவான். லைல் ஓரமாகத் தன் பெயரைப் போட்டு, அதற்குக் கீழே பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி குண்டு குண்டாக எழுதுவான்: 'நேராப் போட்டேன், நேரா அடிச்சான்.'

அடி வாங்கியவன் இப்படி எழுதிக் கொடுப்பானா என்று கேட்கலாம். லைல் கொடுத்தான். சந்தோஷமாகவே கொடுத்தான். அவனிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

நடந்தது 1998 செப்டம்பரில். ஏரி லீக்கில் ஒரு பருவத்தில் அதிக ஹோம் ரன், அதாவது வேலியைத் தாண்டிப் போகிற அடி, அடித்தவர் ஆஸ்வால்ட் ப்ரான்ட் என்கிற மனிதர். 1949-இல் ஐம்பத்தொன்று. அரை நூற்றாண்டாக யாரும் கிட்டே நெருங்கவில்லை. அந்த வருஷம் கார்வர் ஃபால்ஸ் மில்லர்ஸ் அணியில் கர்ட் ஐம்பத்தொன்று அடித்து அவருக்குச் சமமாக வந்து நின்றான். ஐம்பத்திரண்டாவதை எவன் கொடுப்பான்? எதிரணிப் பிட்சர்கள் எல்லாரும் உஷாராகிவிட்டார்கள். அவன் மட்டையோடு வந்து நின்றாலே நாலு பந்தையும் வேண்டுமென்றே எட்டாத தூரத்தில் போட்டு, முதல் தளத்துக்கு நடக்கவிட்டார்கள். வாக். எட்டு ஆட்டத்தில் பதினான்கு வாக். ஜனங்கள் காசு கொடுத்து வந்து, ஒரு மனிதன் நடப்பதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் லைலின் அணி, டன்லப், கடைசி ஆட்டங்களுக்காகக் கார்வர் ஃபால்ஸ் வந்தது. முதல் நாள் சாயங்காலம் பஸ்ஸில் ஏறப்போன லைலைக் கர்ட் தனியாகக் கூப்பிட்டான்.

"உன்னப் பத்தி விசாரிச்சேன். நீ பயந்து ஓடற ஆளு இல்லையாமே."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான். நாளைக்கு என்னை நடக்க விட்றாதடா. அவுட்டாக்கு, சந்தோஷமாப் போறேன். ஆனா சுத்தமாப் போடு. ஆம்பளைக்கு ஆம்பளை. அவ்வளவுதான் கேக்கறேன்."

இருபத்தேழு வயசுப் பையனிடம் இப்படி ஒரு பெரிய ஆட்டக்காரன் வந்து நின்று கேட்டால் என்ன ஆகும்? லைலுக்கு அன்றிரவு தூக்கமே வரவில்லை.

மறுநாள் கடைசி இன்னிங்ஸ். டன்லப் ஒரு ரன் முன்னால். இரண்டாம் தளத்தில் மில்லர்ஸ் ஆள் ஒருத்தன், முதல் தளம் காலி. கர்ட் வந்து நிற்கிறான். குழந்தைகூடச் சொல்லும், வாக் கொடு என்று. டன்லப் மேனேஜர் ஹோபர்ட் நீல்சன், ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட்டின் படியில் ஏறி நின்று, வாக்குக்கு அடையாளமாக நாலு விரலைக் காட்டினார். லைல் முடியாது என்று தலையாட்டினான். மறுபடியும் காட்டினார். மறுபடியும் தலையாட்டினான். மட்டைக்குப் பின்னால் பந்து பிடிக்கிற கேட்சர் எஃப்ரெய்ன் கேசாரஸ் ஓடிவந்து காதில் என்னவோ சொன்னான். லைல் அவனையும் திருப்பி அனுப்பிவிட்டு, தன்னுடைய நல்ல பந்தை நேராகப் போட்டான்.

இடது ஓரத்தில் நின்றவன் வேலிமேல் காலை வைத்து எகிறினான். அவன் கையுறைக்கு ஒரு சாண் மேலே போயிற்று பந்து.

டன்லப் அந்த ஒரு ஆட்டத்தால் இறுதிச் சுற்றை இழந்தது. ஹோபர்ட் மறுநாள் காலையிலேயே லைலை வீட்டுக்கு அனுப்பினார். 'சொன்ன பேச்சு கேட்காதவன்' என்று பெயர் வாங்கியவனை வேறு எந்த அணியும் தொடவில்லை. பெரிய லீக்கிலிருந்து அவனைப் பார்க்க வந்திருந்த ஆள் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டுப் போனவன்தான். கர்ட்டை மட்டும் கூப்பிட்டுக்கொண்டார்கள். அங்கே நாலு வருஷம் ஆடிவிட்டு ஊர் திரும்பி, நெடுஞ்சாலை ஓரம் பெரிய கார் ஷோரூம் வைத்தான். லைல் இதே ஊரில் ஜோலீனைக் கட்டிக்கொண்டு, அவள் அப்பாவின் டயர் கடையில் நின்றுவிட்டான். ஷோரூமில் கர்ட் சிரிக்கிற ஆளுயரப் பலகை, டயர் கடை ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரியும்.

இத்தனைக்கும் லைல் நொந்துபோகவில்லை. "என்னைவிட நல்லவன்கிட்டத் தோத்தேன். அதுல என்ன இருக்கு?" என்பான். எங்கெங்கோ உடம்பையும் எலும்பையும் வளர்க்கிற ஊசி, மாத்திரை என்று பெரிய பெரிய பெயரெல்லாம் நாறியபோது வானொலிக்காரர்கள் அவனைக் கூப்பிட்டுக் கர்ட்டைப் பற்றிக் கேட்டார்கள். "பந்து போட்டவன் நான். எனக்குத் தெரியாதா? அவன் சுத்தம்," என்று அடித்துச் சொன்னான். பிட்சரே சொல்லிவிட்டானே என்று கேட்டவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஜோலீன் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். ஆட்டம் முடிந்த அன்று கர்ட் தன் தொப்பியைக் கழற்றி லைலுக்குக் கொடுத்திருந்தான். உள்பக்கம் 'ஓடாத ஒருத்தனுக்கு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தான். லைல் போட்டால் அது மூக்குவரை இறங்கும். செய்தித்தாளை மடித்து உள்ளே செருகிக்கொண்டு போடுவான். அதைத் துவைக்க எடுத்தபோது ஜோலீன் கேட்டாள், "இது தலையா பூசணிக்காயா? மனுஷனுக்கு இவ்ளோ பெருசு இருக்குமா? எனக்கென்னமோ சரியாப் படல லைல்." லைல் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவளும் அதற்குப்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது இருபது வருஷம் ஆயிற்று. மில்லர்ஸ் மைதானத்துச் சுவரில் வெண்கலப் பலகை வைக்கிறார்கள். மேலே 'கர்ட் மாலரி, 52' என்று இருக்கும். அதற்குக் கீழே லைலின் வாக்கியம், லைலின் பெயரோடு. ஜூன் மாதச் சனிக்கிழமை மத்தியானம், ஆட்டத்துக்கு முன்னால் விழா. பழைய உடுப்பில் லைல் ஒரு பந்து போட வேண்டும், கர்ட் மட்டையைச் சுற்ற வேண்டும், உடனே பலகையை மூடியிருக்கும் துணியை இழுக்க வேண்டும். எஃப்ரெய்னை டெக்சஸிலிருந்து வரவழைத்திருந்தார்கள். ஹோபர்ட் செத்துப் பல வருஷமாகிவிட்டது.

லைல் காலையிலேயே போய்விட்டான். தொப்பியை மைதானத்துக் காட்சி அறைக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தான். அணி அலுவலகத்து ஓபல் க்ரைடர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். அறைக்கதவு மூடிக்கொள்ளாமலிருக்க ஒரு பித்தளைத் தகட்டை முட்டுக் கொடுத்திருந்தாள். லைல் தாண்டும்போது பார்த்தான்: 'ஆஸ்வால்ட் ப்ரான்ட், 51.' குனிந்து எடுத்து மேசை மேல் வைத்தான். கதவு தானாக மூடிக்கொண்டது.

"பழசுங்க அது. புதுசு வருதுல்ல," என்றாள் ஓபல். லைல் கொடுத்த தொப்பியை வாங்கிப் பெட்டியில் ஏற்கெனவே இருந்த இன்னொரு தொப்பிக்குப் பக்கத்தில் வைத்தாள். "இது 91-ல, கர்ட் சார் மொத மொத இங்க ஆட வந்தப்போ போட்டது. அவங்க அம்மா குடுத்தாங்க." பிறகு இரண்டையும் புரட்டிப் பார்த்தவள் நெற்றியைச் சுருக்கினாள். "ஏங்க, அட்டையில என்ன எழுத? இதுல சைஸ் ஏழேகால்னு போட்டிருக்கு. நீங்க குடுத்ததுல எட்டு. யாரோடதோ மாறி வந்துருச்சா?"

"மாறல. என் கையில அவனே கழட்டிக் குடுத்தது."

"அப்ப முதல் தொப்பி வேற ஆளோடதோ?"

முதல் தொப்பியின் உள்விளிம்பிலும் கர்ட்டின் கையெழுத்து இருந்தது. லைல் இரண்டையும் இரண்டு கையில் எடுத்தான். ஒன்றை இன்னொன்றுக்குள் வைத்தான். சின்னது பெரியதுக்குள் கிண்ணம் மாதிரி உட்கார்ந்துகொண்டது. இருபத்து நாலு வயசில் ஒருவனுக்கு ஏழேகால். முப்பத்தொன்றில் எட்டு. வயிறு வளரும், தொடை வளரும், கடன்கூட வளரும். வளர்ந்த ஆம்பளைக்கு மண்டை ஓடு வளருமா? ஊர் முழுக்கக் கர்ட்டுக்குத் தலைக்கனம் என்று பேசியபோதெல்லாம் லைல் சண்டைக்குப் போயிருக்கிறான்.

கதவைத் தள்ளிக்கொண்டு கர்ட்டே வந்தான். பழைய உடுப்பு வயிற்றில் இறுக்கியிருந்தது.

"என்னடா, வந்ததும் வராததுமா என் தொப்பியத் தடவிட்டு நிக்கற?"

லைல் இரண்டு தொப்பிகளையும் அப்படியே நீட்டினான். கர்ட் பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரித்தான். ஓபலிடம், "அம்மா, கொஞ்சம் காபி கெடைக்குமா?" என்று அவளை வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னான்:

"எங்கம்மாவுக்கு வேற வேலையே இல்ல. இத ஏன் குடுத்தாங்க? பக்கத்துல பக்கத்துல வைக்காதன்னு அந்தம்மாகிட்டச் சொல்லிரு. அந்த வருஷம் மூணு தடவ தொப்பி மாத்தினேன்டா. எங்க துணிமணி பாக்கறவன், 'தலைக்கு ஒரம் போடறியா கர்ட்'னு கேப்பான்."

"ஊசியா?"

"ஊசி, மாத்திரை, என்னென்னவோ. எவன் கணக்கு வச்சான்? நீ ஏன் புதுசாக் கேக்கற மாதிரி முழிக்கற?"

"எனக்குத் தெரியாது."

"சும்மா இருடா."

"சத்தியமாத் தெரியாது, கர்ட்."

கர்ட்டின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அவனுக்கு உண்மையிலேயே ஆச்சரியம்.

"டேய், இருபது வருஷமா எழுதிக் குடுத்தியே. ரேடியோவுல சொன்னியே. தெரியாமயா சொன்ன? எனக்காகச் சொல்றேன்னுல்ல நெனச்சேன். வீட்ல பிள்ளைங்ககிட்டகூடச் சொல்லுவேன், 'அந்த லைல் இருக்கானே, எல்லாம் தெரிஞ்சும் வாயத் தெறக்க மாட்டான், அவன் ஒருத்தன்தான்டா நம்ம ஆளு'ன்னு."

"பஸ் பக்கத்துல வந்து கேட்டியே. சுத்தமாப் போடுன்னு."

"ஆமா. உன்னச் சுத்தமாப் போடச் சொன்னேன். நான் சுத்தமா இருக்கேன்னு சொன்னேனா?"

கர்ட் கேட்டது நியாயம்தான். சொல்லவில்லை. லைலாக நினைத்துக்கொண்டான். ஒருத்தன் வந்து தலையில் மிளகாய் அரைத்தான்; இவன் குனிந்து வசதியாகக் காட்டிக்கொண்டு நின்றான்.

"இங்க பாரு லைலு. அப்ப நம்ம லீக்ல யாரு சோதிச்சா? ஊசி போடாதன்னு எங்க எழுதியிருந்துச்சு? பாதிப் பிட்சரும்தான் போட்டான். ஊசி பந்த அடிச்சுருமா? அடிச்சது என் கண்ணு, என் கை. ரெக்கார்டுன்னா ரெக்கார்டு."

"நான் ஊசி போடலையே."

"அது உன் தப்பு," என்றான் கர்ட். பிறகு, அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று தோன்றியிருக்க வேண்டும். லைலின் தோளில் தட்டினான். "விடுடா. எல்லாம் முடிஞ்சு போன கதை. ஒரே ஒரு பந்து. எப்பவும் போல நேராப் போடு, போட்டோ எடுக்கட்டும், அப்புறம் ஹாட் டாக் சாப்பிடலாம்."

அவன் போன பிறகும் லைல் அங்கேயே நின்றான். அவனுக்கு அந்த ஒரு சாண் ஞாபகம் வந்தது. வேலிமேல் எகிறியவனின் கையுறைக்கு மேலே போன ஒரு சாண். எத்தனை பேரிடம் பெருமையாகக் கையை விரித்துக் காட்டியிருக்கிறான், 'இவ்ளோதான் வித்தியாசம்' என்று. அந்த ஒரு சாண் கர்ட்டுடையது இல்லை. மருந்துக் குப்பியுடையது. அது இல்லாவிட்டால் பந்து கையுறையில் விழுந்திருக்கும். டன்லப் ஜெயித்திருக்கும், நோட்டுப் புத்தகக்காரன் புத்தகத்தை மூடியிருக்க மாட்டான். லைலுக்கு அழுகை வந்தது. டயர் கடைக்காக அழவில்லை. அந்த வாக்கியத்துக்காக அழுதான். இன்னும் மூன்று மணி நேரத்தில் அது வெண்கலத்தில் சுவரேறப் போகிறது, அவன் பெயரோடு, பொய்யாக.

உடுப்பு மாற்றும் அறையில் எஃப்ரெய்ன் முட்டிக்குப் பட்டி கட்டிக்கொண்டிருந்தான். உடம்பு பெருத்து, தலை முழுக்க நரைத்திருந்தது.

"எஃப்ரெய்ன், அன்னிக்கு மேட்டுக்கு ஓடி வந்து என் காதுல என்ன சொன்ன?"

"மறந்துட்டியா? 'அவன் கழுத்தப் பாத்தியா, போன வருஷம் இப்படியா இருந்துச்சு'ன்னேன். நீ, 'நல்லாச் சாப்பிடறான்'னு சொன்ன."

லைலுக்கு நினைவு வந்தது. அப்படியே, அதே வார்த்தைதான்.

"அப்புறம் ஏன் எங்கிட்டத் திரும்பச் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? ஒவ்வொரு படத்துலயும் எழுதி எழுதிக் குடுக்கற. உனக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு. அதப் போயி எவன் புடுங்குவான்?" எஃப்ரெய்ன் நிமிர்ந்து பார்த்தான். "இப்ப யாரு சொன்னா?"

"அவனேதான்."

எஃப்ரெய்ன் ஸ்பானிஷில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். "மேட்டுக்குப் போகாத. கால் சுளுக்கிருச்சுன்னு சொல்லிரு. நான் சமாளிக்கறேன்."

"போகத்தான் போறேன்," என்றான் லைல்.

மத்தியானம் மைதானம் நிறைந்திருந்தது. மூன்றாம் தளத்துப் பக்கம், ஐந்தாவது வரிசையில் ஜோலீன் உட்கார்ந்திருந்தாள். லைல் போய்க் கம்பி வேலி ஓரமாக நின்று, "பூசணிக்காய்னு சொன்னியே, சரிதான்," என்று மட்டும் சொன்னான். அவள் முகம் மாறியது. ஆனால் 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று சொல்லவில்லை. வேலிக்குள் விரலை விட்டு அவன் கையைத் தொட்டாள்.

ஒலிபெருக்கிக்காரன் பழைய கதையை ஒன்றுவிடாமல் சொன்னான். வாக் கொடுக்க மறுத்த வீரம், நேராகப் போட்ட நேர்மை என்று லைலை வானளாவப் புகழ்ந்தான். கர்ட் மட்டையோடு வந்து நின்று தொப்பியைத் தூக்கிக் காட்டினான். வேலியோரச் சுவரில் நீலத்துணி. ஓபல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தயாராக இருந்தாள். எஃப்ரெய்ன் வலியோடு முட்டி போட்டு உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் நடுவர் உடுப்பில் ஓய்வுபெற்ற ஒரு கிழவரும் நின்றார், அலங்காரத்துக்கு.

லைல் மேட்டில் ஏறிப் பந்தைக் கையில் உருட்டினான். பிறகு டக்அவுட் படியைப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. இருபது வருஷத்துக்கு முன் ஹோபர்ட் நாலு விரலோடு நின்ற படி அது. லைல் அந்தக் காலிப் படியைப் பார்த்து, சரி என்று தலையாட்டினான்.

பார்த்துக்கொண்டிருந்த ஆயிரம் பேரில் எஃப்ரெய்னுக்கு மட்டும் புரிந்தது. அவன் எழுந்து நின்றான். ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து, கையுறையை வெளிப்பக்கமாக நீட்டினான். லைல் பந்தை அங்கே, மட்டைக்கு எட்டாத இடத்தில், மெதுவாகப் போட்டான்.

ஜனம் சிரித்தது. வயசானவர்களின் விளையாட்டு என்று நினைத்தார்கள். கர்ட்டும் சிரித்தான்.

இரண்டாவதும் அதே இடத்தில் போயிற்று. சிரிப்பு பாதியாகக் குறைந்தது.

கர்ட் மட்டையைத் தாழ்த்திக்கொண்டு நாலடி முன்னால் வந்தான். முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்க, உதட்டை அசைக்காமல் பேசினான். "என்னடா பண்ற? எல்லாரும் பாக்கறாங்க. நேராப் போட்றா."

"போட்டேன்டா, 98-ல. இப்பத் திருத்தறேன்."

மூன்றாவது போனபோது மைதானத்தில் பேச்சே இல்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு எதுவும் விளக்க வேண்டியதில்லை. இப்போதெல்லாம் வாக் கொடுக்கப் பந்தே போட வேண்டாம், கையைக் காட்டினால் போதும். இருந்தும் ஒருத்தன் வேலை மெனக்கெட்டு ஒவ்வொன்றாக நாலும் போடுகிறான் என்றால், அதுவும் இவன் போடுகிறான் என்றால், என்ன அர்த்தம்? வெயிலில் மேல் வரிசையில் யாரோ, "அப்ப அந்த ஊசிக் கதை உண்மைதானா," என்று கேட்டது கீழே வரைக்கும் கேட்டது. ஓபல் கயிற்றைக் கையிலிருந்து விட்டுவிட்டாள்.

லைல் நாலாவதைப் போட்டான். எஃப்ரெய்ன் பிடித்து, பந்தைத் திருப்பித் தராமல் கையுறையிலேயே வைத்துக்கொண்டான். அலங்காரத்துக்கு நின்ற கிழவருக்குத் தொழில் மறக்கவில்லை. முதல் தளத்தைக் கைகாட்டினார்.

கர்ட் மட்டையைக் கீழே போட்டான். வாழ்க்கை முழுக்க நாலாவது பந்துக்குப் பிறகு எங்கே போயிற்றோ அங்கேயே போயிற்று அவன் கால். கை தட்ட ஆளில்லை, கத்த ஆளில்லை. பாதி வழியில் நின்று மேட்டைப் பார்த்துத் திரும்பினான். அவன் கண் கலங்கியிருந்தது.

"உன்ன எவ்ளோ நம்பினேன்டா," என்றான். "இப்படிக் கழுத்தறுத்துட்டியே."

காலையிலிருந்து லைல் மனசுக்குள் தேடிக்கொண்டிருந்த வார்த்தை அதுதான். ஒருதரமாவது அவன் முகத்துக்கு நேரே அதைச் சொல்லிவிட வேண்டும் என்று மேடேறும்வரை நினைத்திருந்தான். அதையும் அவனே எடுத்துக்கொண்டு போய்விட்டான்.